ரோட்டுக்கான 3டி படத்தில் உங்கள் வாய்க்கால் இருக்கிறதா?

டெல்டாவில் ரோடு வேலை ஓய்ந்தபாடில்லை. விக்கிரவாண்டி - கும்பகோணம் - தஞ்சாவூர் நான்கு வழிச்சாலையில், சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரையிலான 50 கிலோமீட்டர் பகுதி 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம், மூன்று புறவழிச்சாலைகள், ஏழு மேம்பாலங்கள் எல்லாம் அதில் அடக்கம். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் தஞ்சாவூர் - நாகப்பட்டினம் சாலை திறக்கப்பட்டது. திருவையாறு புறவழிச்சாலை விளைநிலங்கள் வழியே போவதை எதிர்த்து விவசாயிகள் போராட்டமும் நடத்தினார்கள்.

ரோடு வந்தால் நெல் மூட்டை வேகமாக வெளியூர் போகும். அவசரத்துக்கு ஆஸ்பத்திரியும் பக்கமாகும். அதே ரோடு ஒரு வாய்க்காலை மறித்துவிட்டால், மேலண்டை வயல் மூழ்கும், கீழண்டை வயல் காயும். இது தொடர்பாக வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

"எங்கள் ஊரில் டிரோன் பறக்கவிட்டார்கள். மூன்று கால் கருவி வைத்து அளந்துவிட்டுப் போனார்கள். கம்ப்யூட்டரில் 3டி படம் போட்டுத்தான் ரோடு வரைகிறார்களாம். அது எப்படி? அளந்தாலே நிலம் போய்விட்டது என்று அர்த்தமா?"
- வாசகர், பாபநாசம் வட்டம்

அளந்ததாலேயே நிலம் கைவிட்டுப் போகாது. அதற்குச் சட்டப்படி தனி அறிவிப்புகள் வர வேண்டும். அதைப் பின்னால் உள்ள பதிலில் பார்க்கலாம்.

முன்பெல்லாம் சங்கிலி பிடித்து, மட்டக் கருவியும் அளவுகோலும் வைத்து, குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு இடத்தில் மட்டும் தரையின் உயரத்தைக் குறிப்பார்கள். இடையில் இருப்பதை ஊகித்துக்கொள்வார்கள். இப்போது லைடார் என்ற லேசர் கருவியை டிரோனிலோ, விமானத்திலோ, வண்டியிலோ பொருத்தி அளக்கிறார்கள். கருவியிலிருந்து கிளம்பும் ஒளி தரையில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து அந்த இடத்தின் உயரம் கணக்கிடப்படுகிறது. இப்படி லட்சக்கணக்கான புள்ளிகள் கிடைக்கும். மரம், வீடு, மின்கம்பம் ஆகியவற்றின் புள்ளிகளை நீக்கிவிட்டு, தரைப் புள்ளிகளை மட்டும் சின்னச் சின்ன முக்கோணங்களாக இணைத்தால், ஊரின் நிலம் அப்படியே கம்ப்யூட்டரில் வந்துவிடும். இதுதான் முப்பரிமாண மாதிரி.

அதன் மேல் பொறியாளர் மூன்று விஷயங்களை முடிவு செய்கிறார். ரோடு எந்த வழியாகப் போகிறது, எந்த உயரத்தில் போகிறது, எவ்வளவு அகலத்தில் போகிறது என்பவை அவை. மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை மாற்றினால் மண் அளவு, நில அளவு, செலவு எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் உடனே மாற்றிக் காட்டும். அதனால்தான் ஒரே ரோட்டுக்கு மூன்று, நான்கு வழிகளைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

ஒரு கணக்கு பார்த்தால் இது விளங்கும். மேல்தளம் 30 மீட்டர் அகலமுள்ள ரோடு, 3 மீட்டர் உயர மண்மேட்டில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கரைச்சரிவு ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் வீதம் இருந்தால், பக்கத்துக்கு 6 மீட்டர் கூடி அடிப்பாகம் 42 மீட்டர் ஆகும். ஒரு கிலோமீட்டருக்கு 1,08,000 கன மீட்டர் மண் வேண்டும். மேட்டின் உயரத்தை அரை மீட்டர் குறைத்தால் 87,500 கன மீட்டர் போதும். டிப்பர் ஒன்றுக்கு 10 கன மீட்டர் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 2,000 நடைக்கு மேல் மிச்சம். அடிப்பாகத்தில் 2 மீட்டர் நிலமும் மிச்சம். எனவே, ரோட்டை முடிந்த அளவு தாழ்வாகக் கொண்டுபோகத்தான் வடிவமைப்பவர் பார்ப்பார். மதகுக்கும் மாட்டு வண்டிக்கும் வழி விட வேண்டும் என்றால் ரோடு உயர வேண்டும். இந்த இழுபறி எந்த இடத்தில் யார் பக்கம் சாய்கிறது என்பதில்தான் விவசாயியின் அக்கறை இருக்க வேண்டும்.

"டெல்டா முழுக்கச் சமவெளி. மலையா, காடா? மேடு பள்ளம் இல்லாத இடத்தில் இவ்வளவு நுணுக்கமான படம் எதற்கு?"
- வாசகர், திருவையாறு

சமவெளியில்தான் நுணுக்கம் அதிகம் தேவை. தஞ்சாவூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 57 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாகப்பட்டினம் கடற்கரை சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி. அப்படியானால் நிலம் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 70 சென்டிமீட்டர்தான் சரிகிறது. நூறு மீட்டருக்கு 7 சென்டிமீட்டர். இந்தச் சின்னச் சரிவை வைத்துத்தான் கல்லணையில் திறக்கும் தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேருகிறது.

மலைப்பகுதியில் அளவு 10 சென்டிமீட்டர் பிசகினால் ஒன்றும் ஆகாது. டெல்டாவில் அதே பிசகு, வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையே படத்தில் மாற்றிக் காட்டிவிடும். வானிலிருந்து எடுக்கும் அளவில் சில சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை வித்தியாசம் வரக்கூடும். வாய்க்கால் கடக்கும் இடங்களிலாவது தரையில் மட்டக் கருவி வைத்துச் சரிபார்ப்பது அவசியம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண லைடார் ஒளி தண்ணீருக்குள் இறங்காது. அடர்ந்த சம்பாப் பயிருக்குள்ளும் தரையைத் தொடுவது சிரமம். வயலில் தண்ணீரும் பயிரும் நிற்கும்போது எடுத்த படத்தில் வாய்க்காலின் அடிமட்டம் தெரியாது. கரைக்கு அடியில் இருக்கும் குழாயும், புதருக்குள் மறைந்த மதகும் எந்தக் காலத்திலும் தெரியாது. அறுவடை முடிந்து, அடுத்த தண்ணீர் வருவதற்கு முன்னால் உள்ள கோடைதான் அளவெடுக்க நல்ல நேரம்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிறவர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்கிறார். இந்த ஐந்தும் எல்லா வரைபடத்திலும் இருக்கும். அவற்றிலிருந்து பிரியும் ஏ, பி பிரிவு வாய்க்கால்களும் இருக்கும். சி, டி பிரிவுக்கு வரும்போது சந்தேகம்தான். அதற்கும் கீழே, பட்டா நிலத்துக்குள் வயலுக்கு வயல் பாயும் கன்னி வாய்க்கால் அநேகமாக எந்தப் படத்திலும் இருக்காது. டெல்டாவின் பாசனம் கடைசியில் நிற்பதோ அந்தக் கன்னி வாய்க்காலில்தான்.

"பக்கத்து ஊரில் ரோடு போட்ட பிறகு ஒரு பக்கம் தண்ணீர் தேங்குகிறது. மறுபக்கம் வாய்க்கால் காய்கிறது. இத்தனை கம்ப்யூட்டர் இருந்தும் ஏன் இப்படி ஆகிறது?"
- வாசகர், ஒரத்தநாடு வட்டம்

கம்ப்யூட்டர் தனக்குக் கொடுத்ததை மட்டுமே வைத்துக் கணக்குப் போடும். கொடுக்காத வாய்க்காலுக்கு அது பாலம் போடாது. பெரும்பாலும் தவறு நான்கு இடங்களில் நடக்கிறது.

ஒன்று, சின்ன வாய்க்கால் விட்டுப்போவது. இரண்டு, பக்கத்துப் பக்கத்தில் உள்ள மூன்று, நான்கு வாய்க்கால்களை ரோட்டோரமாகச் சேர்த்து ஒரே குழாயில் விடுவது. செலவு குறையும். ஆனால், முறை வைத்துப் பாயும் ஊரில் யார் பங்குத் தண்ணீர் எது என்பதே குழம்பிவிடும். மூன்று, வடிகால் வேறு, பாசனம் வேறு என்று நினைத்துவிடுவது. டெல்டாவில் மேல்வயலின் வடிகால்தான் பல இடங்களில் கீழ்வயலின் பாசனம். மழை வெள்ளத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால், கோடையில் நாற்றங்காலுக்கு வர வேண்டிய சன்னமான தண்ணீர் வராமல் போகும்.

நான்காவதுதான் கண்ணுக்குத் தெரியாத தவறு. சிறுபாலம் சரியான இடத்தில், சரியான அகலத்தில் இருக்கும். ஆனால், அதன் அடித்தளம் வாய்க்காலின் அடிமட்டத்தைவிட 15 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். ஒரு சாண்கூட இல்லை. நூறு மீட்டருக்கு 7 சென்டிமீட்டர் சரிவுள்ள நிலத்தில், அந்த 15 சென்டிமீட்டர் தண்ணீரை 200 மீட்டருக்கு மேல் பின்னோக்கித் தேக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நட்ட பயிர் அந்த 200 மீட்டரில்தான் அழுகுகிறது. அடித்தளம் மிகவும் தாழ்ந்துவிட்டாலோ, குழாயில் வண்டல் அடைத்து, கீழண்டை வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏறாது.

எனவே "எங்கள் ஊருக்குப் பாலம் வேண்டும்" என்று மட்டும் கேட்பது போதாது. எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில், எந்த அடிமட்டத்தில் என்று மூன்றையும் கேட்க வேண்டும். வடிவமைப்புப் படத்தில் இந்த மூன்றும் எண்களாகவே இருக்கும். கேட்டால் காட்ட முடியும்.

"3டி வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். இது கம்ப்யூட்டர் 3டி படம்தானா?"
- வாசகி, கும்பகோணம் வட்டம்

இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. கம்ப்யூட்டர் 3டி என்பது முப்பரிமாணப் படம். ஊரில் பேசுவது தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-ன் 3டி பிரிவு. இரண்டுக்கும் பெயரைத் தவிரத் தொடர்பில்லை. ஆனால், இரண்டும் எந்த வரிசையில் வருகின்றன என்பது முக்கியம்.

முதலில் முப்பரிமாணப் படம் தயாராகி, வழி முடிவாகிறது. அதன்படி எந்தெந்த சர்வே எண்ணில் எவ்வளவு நிலம் என்று கணக்கிட்டு 3ஏ அறிவிப்பு வருகிறது. இதன் சுருக்கம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியாக வேண்டும். அதில் ஒன்று தமிழ் நாளிதழாக இருக்கும். 3ஏ அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள், நிலத்தில் உரிமையுள்ளவர் 3சி பிரிவின்படி எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ தன் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்பு தர வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் 3டி. அது வெளியான உடனே நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமாகிவிடும். 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால், 3ஏ அறிவிப்பு செல்லாமல் போகும். நீதிமன்றத் தடை இருந்த காலம் இதில் சேராது.

3டி வந்த பிறகும் இழப்பீட்டுக்கான வழி மூடிவிடவில்லை. 3ஜி பிரிவின்படி இழப்பீடு முடிவாகும்போது, நிலத்தின் விலை மட்டுமல்லாமல், ரோட்டால் நிலம் இரண்டாகப் பிரிந்ததால் ஏற்படும் நஷ்டத்தையும் கேட்கலாம். ஒரு ஏக்கரில் முப்பது சென்ட் ரோட்டுக்குப் போய், மீதி எழுபது சென்ட்டுக்குத் தண்ணீர் பாயாமல் போனால், அந்தப் பாதிப்பையும் எழுத்தில் சொல்ல வேண்டும். முடிவான தொகையில் திருப்தி இல்லை என்றால், மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போகலாம். மாநில நெடுஞ்சாலை என்றால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-ன்படி வேறு நடைமுறை. வந்திருக்கும் நோட்டீஸ் எந்தச் சட்டத்தின்படி வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சேலம் - சென்னை எட்டு வழிச்சாலை வழக்கு பலருக்கும் நினைவிருக்கும். 277 கிலோமீட்டர் நீளத் திட்டம் அது. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், 3ஏ அறிவிப்பு வெளியிடும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று தீர்ப்பளித்தது. 3ஏ வருவதற்கு முன்பே, வழி முடிவாகும் கட்டத்திலேயே ஊர் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் இந்த வழக்கிலிருந்து விவசாயிகள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்திருக்கிறார்களே. அதைக் காட்டி ரோட்டை நிறுத்த முடியாதா?"
- வாசகர், பூதலூர் வட்டம்

2020-ல் வந்த அந்தச் சட்டம், ஹைட்ரோகார்பன் எடுப்பது, உருக்காலை அமைப்பது போன்ற குறிப்பிட்ட தொழில்களைத்தான் தடுக்கிறது. சாலை, குழாய்ப் பாதை, மின்சாரம், குடிநீர் போன்ற உள்கட்டமைப்புப் பணிகளுக்கு அதில் விலக்கு உண்டு. அதை மட்டும் நம்பி 21 நாள் கெடுவைத் தவறவிடக் கூடாது.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் வயல். அறுவடை மெஷின் எப்படிப் போகும்? இதையும் படத்தில் பார்க்க முடியுமா?"
- வாசகர், அம்மாபேட்டை

பார்க்க முடியும். முப்பரிமாண மாதிரி உண்மையில் விவசாயிக்கு உதவக்கூடிய இடம் இதுதான். தட்டையான வரைபடத்தில் ஒரு கோடாகத் தெரியும் சுரங்கப்பாதை, முப்பரிமாணப் படத்தில் உயரம், அகலம், இறக்கம், தரைமட்டம் எல்லாவற்றோடும் தெரியும். டிராக்டர் போகும் உயரம் வேறு. வைக்கோல் ஏற்றிய லாரியும், அறுவடை மெஷினை ஏற்றிவரும் வண்டியும் போகும் உயரம் வேறு. பாதையின் தரை பக்கத்து வயலைவிடத் தாழ்ந்திருந்தால், மழைக்காலம் முழுக்க அது குளமாகத்தான் இருக்கும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்திலோ, விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலோ, "எங்கள் ஊர்ப் பகுதியை முப்பரிமாணப் படத்தில் திரையில் காட்டுங்கள்" என்று கேட்பதில் தவறில்லை. படம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. ரோட்டின் மேல் பறப்பது போலக் காட்டும் அழகான வீடியோவோடு நிறுத்திக்கொள்ள விடக் கூடாது. வாய்க்கால் கடக்கும் இடத்தில் நிறுத்தி, அடிமட்டத்தின் எண்ணைக் கேட்க வேண்டும்.

இதில் அவசரம் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வடிவமைப்புப் படத்தை நேரடியாக மண் வெட்டும், மட்டம் செய்யும் இயந்திரத்துக்குள் ஏற்றி வேலை செய்யும் முறை, லக்னோ - கான்பூர் விரைவுச்சாலைப் பணியில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஜிபிஎஸ் துணையோடு, படத்தில் உள்ள உயரத்தை அந்த இயந்திரமே வெட்டும். வேலை நடக்கும்போது சைட் இன்ஜினீயரைப் பார்த்து "இங்கே ஒரு குழாய் போட்டுக் கொடுங்கள் சார்" என்று பேசிச் சரிசெய்துகொண்ட காலம் மெல்ல மறையும். படத்தில் வராதது தரையில் வராது.

"சரி, நாங்கள் என்னென்ன கையில் வைத்துக்கொண்டு மனு கொடுக்க வேண்டும்?"
- வாசகர், திருவோணம்

1. கிராம வரைபடம், பாதிக்கப்படும் சர்வே எண்களின் புலப்படம் (எப்.எம்.பி), பட்டா, அடங்கல். வாய்க்கால் புறம்போக்காக இருந்தால் அதன் சர்வே எண்ணையும் குறிக்கவும். பட்டா நிலத்துக்குள் ஓடும் கன்னி வாய்க்காலைத் தனி நிறத்தில் வரைந்து சேர்க்கவும்.

2. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு வரி: எந்த ஆற்றிலிருந்து, எந்த மதகில் பிரிகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எத்தனை ஏக்கர் பாய்கிறது, எங்கே வடிகிறது. ஊரில் வயதானவர்களையும், தண்ணீர் பாய்ச்சுபவர்களையும், நீர்வளத்துறை லஸ்கரையும் கூட வைத்துக்கொண்டு நடந்து பார்த்து எழுதினால் எதுவும் விட்டுப்போகாது.

3. மழைக்காலத்தில் தண்ணீர் அதிகபட்சம் எதுவரை ஏறியது என்பதை மின்கம்பத்திலோ மதகுச் சுவரிலோ பெயின்டால் கோடு போட்டு, தேதியோடு படம் எடுத்து வைக்கவும். பொறியாளருக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

4. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியவை: உங்கள் ஊர் எல்லைக்குள் ரோட்டின் வழி வரைபடம், உயர வரைபடம், சிறுபாலங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் அடிமட்டம். கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள் வரை ஆகலாம். ஆட்சேபம் கொடுக்கவோ 21 நாள்தான். எனவே, ஊரில் அளவெடுக்கத் தொடங்கியவுடனே தகவல் மனுவைப் போட்டுவிட வேண்டும். 3ஏ வந்துவிட்டால், அந்தப் பதிலுக்காகக் காத்திராமல் ஆட்சேபத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

5. ஆட்சேப மனுவைத் தனித்தனியாகக் கொடுப்பது நல்லது. ஊர்ப் பொது மனு கூடுதலாக இருக்கட்டும். "ரோடு வேண்டாம்" என்பவர்கள் அதை எழுதலாம். அதோடு, "வருவதாக இருந்தால் இந்த சர்வே எண்ணில், இந்த அகலத்தில், இந்த அடிமட்டத்தில் வாய்க்காலுக்கு வழி வேண்டும்" என்பதையும் எழுதி வைக்கவும். முதல் கோரிக்கை தள்ளுபடியானாலும் இரண்டாவது பதிவில் நிற்கும்.

6. கொடுத்த ஒவ்வொரு மனுவுக்கும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கவும். வேலை தொடங்கும் நாளில் ஒப்பந்ததாரரிடம் காட்ட அதுதான் கையில் இருக்கும்.